புது டைனமோவும் பழைய வயரும்

போன வாரம் விருதுநகரிலிருந்து ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸுக்குள் வயர் சூடாகிற வாசனை வந்தது. ரப்பரும் மீன் கவுச்சியும் கலந்த மாதிரி இருக்கும். பக்கத்துச் சீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் மட்டும் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், ஏதோ ஒரு நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். பஸ் ஒன்றும் ஆகாமல் போய்ச் சேர்ந்திருக்கும். நான்தான் வெயிலில் நின்றேன். எலெக்ட்ரிகல் படித்து, அந்த வேலையையே பார்க்கிற ஆள் செய்கிற காரியமா இது என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்துக்கொண்டேன், அடுத்த பஸ் வந்து, அதில் அந்த வாசனை இல்லை என்று தெரிந்த பிறகு.

வெடிமருந்து வாசனைக்கு நான் பயந்ததே இல்லை. அம்மா சேலையில் அதுதான் இருக்கும். திருத்தங்கலில் எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டு அம்மாக்கள் அப்படித்தான் மணப்பார்கள். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் கொல்லையில் குளித்து, சேலையைத் தனி வாளியில் ஊறப்போட்ட பிறகுதான் அம்மா அடுப்படிப் பக்கம் போவாள். நகக்கண்ணில் மட்டும் அலுமினியப் பொடி மினுங்கிக்கொண்டே இருக்கும். சின்ன வயதில் அதை ஒரு அலங்காரம் என்றே நினைத்திருந்தேன்.

அப்பாவிடம் ஒரு பழைய வேன் இருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு அச்சங்குளத்துக்கு அந்தாண்டை இருந்த பட்டாசுக் கம்பெனிக்குப் போவார். அம்மாவும் அங்கேதான் வேலை. முன் சீட்டில், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போவாள். வீட்டில் ஆளுக்கொரு பக்கம் வேலையாகத் திரிகிறவர்கள், வேனில் ஏறிவிட்டால் போதும், வழி நெடுகப் பேச்சுதான். பின்னால் இருந்து செல்லத்தாயி அத்தை, "புதுசாக் கல்யாணமான சோடி போகுது, யாரும் தொந்தரவு பண்ணாதீக" என்பார். அத்தை என்றால் உறவில்லை, அடுத்த வீடு.

அந்த வேனில் விளக்கு மங்கலாக எரியும். போதாததற்கு, வெக்கை தாங்காது என்று, பின்னால் இருப்பவர்களுக்காக அப்பா மூன்று சின்ன ஃபேன் வேறு மாட்டிவிட்டார். பேட்டரி அடிக்கடி படுத்துக்கொள்ளும். அப்புறம் பெண்களே இறங்கி வண்டியைத் தள்ளுவார்கள். நான் அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். அதனால் வீட்டில் எது கெட்டாலும் என்னைக் கேட்டார்கள், எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கும் தெரியவில்லை. போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு பழைய சாமான் கடைக்குப் போய், பேட்டரிக்கு இன்னும் அதிகமாகக் கரண்டு கொடுக்கிற ஒரு ஆல்டர்னேட்டரை வாங்கிவந்தேன். அப்பா அதை டைனமோ என்பார். நான் ஒவ்வொரு தடவையும் திருத்துவேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வைத்து மாட்டினோம். நான் ஸ்பேனரைக் கையில் எடுத்ததுமே அம்மா அடுப்பை அணைத்துவிட்டு சிலிண்டரையும் மூடினாள். அப்பா வேனுக்குள் ஈரத்துணி போட்டு இரண்டு முறை துடைத்தார். எங்கள் பக்கம் ஒரு பொறிக்குக் கொடுக்கிற மரியாதை அது. பேட்டரியைக் கழற்றி, பெல்ட்டைத் தளர்த்தி, பழையதை இறக்கிப் புதியதை ஏற்றி முறுக்கியதும் விளக்கு பளீரென்று எரிந்தது. பேட்டரிக்குப் போகிற வயரையும் மாற்ற வேண்டுமா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "நல்லாத்தானலே இருக்கு" என்றார் அப்பா. பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் வேன் கிளம்பிப் போனபின் கை கழுவிக்கொண்டிருந்தேன். நேற்று ஓட்டிப் பார்த்தபோது அந்த வயர் கைக்குச் சுட்டது சட்டென்று ஞாபகம் வந்தது. என்ஜின் சூடு என்று நினைத்திருந்தேன். அது என்ஜின் சூடு இல்லை. சின்ன டைனமோவுக்குப் போட்ட வயர் அது. விளக்கும் மூன்று ஃபேனும் ஓடினால், புதியது தள்ளுகிற கரண்டை அது தாங்காது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் சேலையில் எல்லாம், எத்தனை முறை அலசினாலும் போகாத மருந்துப் பொடி.

அப்பாவுக்குப் போன் அடித்தேன். அலமாரியின் மேல் அடித்தது. கம்பெனி வாசலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அந்த வேனில் போகிற யாருமே போன் எடுத்துப் போவதில்லை. அப்பாவும் அவர்களோடு சேர்ந்து அதே பழக்கம். ஒரு வேன் நிறைய ஆட்கள், கூப்பிட ஒருவரும் இல்லை. என் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அந்த மணிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றிருக்கிறேன்.

ஸ்பேனரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டு பைக்கில் விரட்டினேன். ரோட்டில் எந்தப் பக்கம் புகை தெரிந்தாலும் பைக்கை இன்னும் முறுக்கினேன். எங்கள் பக்கம் சூளைப் புகை, குப்பைப் புகை என்று எப்போதும் ஏதாவது ஒன்று தெரிந்துகொண்டுதான் இருக்கும்.

சாத்தூர் ரோட்டில் வேன் ஓரமாக நின்றது. கதவுகள் திறந்து கிடந்தன. உள்ளே யாரும் இல்லை. ரோடெல்லாம் செருப்புகள். அந்தச் செருப்புகளைப் பார்த்ததும் என் கால் பிரேக்கை மிதிக்க மறந்துவிட்டது. வேனைத் தாண்டிப் போய்த்தான் நின்றேன்.

பெண்கள் எல்லாரும் தூரத்தில், கருவேலங்காட்டில், காற்று வருகிற பக்கமாக நின்றிருந்தார்கள். வாசனை வந்ததும் செல்லத்தாயி அத்தை வேன் கூரையைத் தட்டியிருக்கிறார். நின்றதும் குதித்து ஓடியிருக்கிறார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடாத ஆட்கள் இரண்டு பேர். அப்பா டிபன் மூடியில் மண்ணை அள்ளி அள்ளி என்ஜின் மேல் கொட்டிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே குடத்தில் தண்ணீர் இருந்தது. அலுமினியப் பொடித் தீ தண்ணீர் பட்டால் இன்னும் சீறும்; அவரும் ஒரு காலத்தில் மருந்தோடு புழங்கியவர், கை தண்ணீரைத் தொடவே இல்லை. அம்மா அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாள். அவர் வரவில்லை. அவளும் விடவில்லை.

நான் பேட்டரி வயரைக் கழற்றினேன். நட்டு இரண்டு முறை நழுவியது. கழன்றதும் புகை மெல்ல அடங்கியது. புது டைனமோவுக்குள் மூக்கு முட்ட மண்.

பெண்கள் ஒவ்வொருவராக வந்து செருப்பைத் தேடினார்கள். "ஏலே எஞ்சினியரு, அம்புட்டுப் பேரையும் ஒரே லோடா அனுப்பப் பாத்தியேடா" என்றார் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள், அப்பாகூட. அம்மா சிரிக்கவில்லை.

இரண்டு நாளில் கடை மெக்கானிக் கனமான வயர் போட்டு, வேறு டைனமோ மாட்டிக் கொடுத்தார். காலையில் அப்பா வேனை எடுத்து நிறுத்தினார். அம்மா ஏறவில்லை. நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாள். கோபம் என்று நினைத்து அப்பா சமாதானம் சொல்லப் பார்த்தார். அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"கம்பெனில புருசன் பொண்டாட்டி ஒரே ரூம்ல உக்கார மாட்டாக, தெரியும்ல. இம்புட்டு நாளு வண்டிக்கும் அது உண்டுன்னு எனக்குத் தோணல. இவனுக்கு ஒரு ஆளாவது மிஞ்சணும்."

அப்பா முன் சீட்டுக் கதவைச் சாத்தினார். வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது கம்பெனியே பஸ் விடுகிறது. வேனை விற்றாகிவிட்டது. அப்பா அச்சாபீசில் இரவுக் காவல். எனக்கு வேலை கிடைத்துப் பல வருஷமாகிறது, எனக்கு யாரும் மிஞ்சத் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். போன மாதம் எனக்குப் பெண் பார்க்க ஆனைக்குட்டம் போனோம். அம்மா என்னோடு பஸ்ஸில் வந்தாள். அப்பா பின்னாலேயே பைக்கில் வந்தார். பெண் வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று, ஏதோ மனக்கசப்பு போல என்று அவர்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.