வில்மாவின் செவ்வாய்க்கிழமை ஸ்டோவீஸ்

ஸ்காட்லாந்தில் பால்மரி மாட்டுச் சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை வருகிறவர்களில் பாதிப் பேர் மாடு வாங்க வருவதில்லை, வில்மா கையால் ஸ்டோவீஸ் சாப்பிடத்தான் வருகிறார்கள் என்று ஏலக்காரர் ஒருமுறை மேடையிலிருந்தே சொன்னார். வில்மா அதைக் கேட்டுப் பூரித்துப் போகவில்லை. "அப்போ மீதிப் பாதி எதுக்கு வருது?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வில்மா ரென்னி அந்தச் சந்தைக் கேன்டீனில் பல வருஷமாகச் சமைத்தவள். எலும்பு கனத்த உடம்பு, சிவந்த முழங்கை, அளந்து பேசும் வாய். திங்கட்கிழமை ஆட்டு ஏலம். அன்றைக்குப் பெரிய மாட்டுத் தொடை ஒன்றை அடுப்பில் வாட்டி, வந்தவர்களுக்கு அறுத்துப் போடுவாள். மிஞ்சிய இறைச்சியும், தட்டில் வடிந்து உறைந்த கொழுப்பும் செவ்வாய்க்கிழமை ஸ்டோவீஸுக்கு. கொழுப்பைப் பெரிய பானையில் உருக்கி, வெங்காயத்தை நிறம் மாற வதக்கி, அதன் மேல் உருளைக்கிழங்கை அடுக்குவாள். பாதிக் கிழங்கு மெல்லிசு, பாதி கட்டி. மெல்லிசு கரைந்து குழையும், கட்டி அப்படியே நிற்கும். இறைச்சிச் சாறு கொஞ்சமே கொஞ்சம் விட்டு, மூடி போட்டு, சின்னத் தீயில் விட்டுவிடுவாள். அவ்வப்போது இரண்டு காதையும் பிடித்துப் பானையை ஒரு குலுக்கு. இறைச்சி கடைசியில்தான் போகும். கூட ஓட்ஸ் ரொட்டியும் பீட்ரூட் ஊறுகாயும். டப்பா இறைச்சியைத் திறந்து போட்டு அதற்கும் ஸ்டோவீஸ் என்று பெயர் வைக்கிறவர்களை அவள் மனிதர்களில் சேர்ப்பதில்லை.

அந்த வருஷம் மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வேலைக்குக் கிளம்பும்போது முதுகுக்குப் பின்னால் ஏப்ரன் நாடாவை முடிச்சுப் போடப் போனாள். இடது கை நாடாவோடு காத்திருந்தது. வலது கை வரவில்லை. எங்கே போய்த் தொலைந்தது என்று திரும்பிப் பார்க்கப் போனவள் அப்படியே சரிந்தாள். மேசையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அவள் கணவன் நார்மன், நாற்காலி விழுந்த சத்தம் என்றுதான் முதலில் நினைத்தான்.

பக்கவாதம் என்றார்கள். அபர்டீன் ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தாள். முதலில் வார்த்தைகள் இடம் மாறி வந்தன. நார்மனைப் பார்த்து "சட்டி" என்றாள். நர்ஸ் சங்கடப்பட்டபோது, கல்யாணம் ஆன நாளிலிருந்து இதைவிட மோசமான பேரெல்லாம் கேட்டாச்சு என்று நார்மன் சொன்னான். பேச்சு மெல்லத் திரும்பியது. கால் ஊன்றுகோலோடு நடக்கப் பழகியது. வலது கை மட்டும் பிசைந்து வைத்த மாவு மாதிரி மடியில் கிடந்தது.

அங்கே பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒருநாள் ஒரு பலகையைக் கொண்டுவந்து வைத்தாள். அதன் நடுவே மூன்று ஆணி நிமிர்ந்து நின்றது. கிழங்கை அதில் குத்திவைத்து ஒரே கையால் தோல் சீவலாம் என்று காட்டினாள். வில்மா அந்தப் பலகையை விரல் நுனியால் தள்ளிவிட்டாள். சின்னப் பிள்ளை விளையாட்டுச் சாமான் தனக்கு எதற்கு, தன் கை திரும்பி வரும் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சந்தை மேலாளர் ஆர்தர் லெஸ்லி திராட்சைக் குலையோடு பார்க்க வந்தார். நல்ல மனிதர்தான். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, கேன்டீனை இப்போதைக்குக் காரல் என்ற பெண் பார்த்துக்கொள்கிறாள், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பையும் வறுத்த உருளைக்கிழங்கும் போடுகிறாள், ஒரு குறையும் இல்லை என்று சொன்னார். வில்மாவுக்கு உடம்பு தேறினதும் கல்லாவில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், நாற்காலி போட்டுத் தருகிறேன் என்றார்.

"கல்லாவுல உட்கார ஆள் கிடைக்கும், மிஸ்டர் லெஸ்லி," என்றாள் வில்மா. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத்தான் சொன்னாள். "நான் அடுப்புக்குத்தான் வருவேன். இலையுதிர் கால ஏலத்துக்குள்ள வந்துடுவேன்."

லெஸ்லி அவள் மடியில் கிடந்த கையைப் பார்த்தார். பிறகு திராட்சையைப் பார்த்தார். சரி, பார்க்கலாம் என்று எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்ததும் சமையல் நார்மன் தலையில் விழுந்தது. அவன் பால் லாரி ஓட்டுகிறவன். எந்தக் குறுகலான பண்ணை வாசலிலும் லாரியைத் திருப்பிவிடுவான். ஆனால் ஒரு சாசேஜைக் கரியாக்காமல் இறக்க அவனுக்குத் தெரியாது. வில்மா கரியைச் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டாள். அவன் வேலைக்குப் போனபின் அடுப்படித் தொட்டியருகே நின்று, ஒரு கிழங்கை மரத்துப்போன கையின் மணிக்கட்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் சீவிப் பார்த்தாள். கிழங்கு வழுக்கி ஓடியது. மறுபடி பிடித்தாள். மறுபடி ஓடியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தண்ணீர் சிவந்திருப்பதைக் கவனித்தாள். வலது கட்டைவிரலைச் சீவியிருந்தாள். வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

சாயங்காலம் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்த நார்மன் கத்திகளை எல்லாம் பொறுக்கி, உயரமான அலமாரியின் உச்சியில் கொண்டுபோய் வைத்தான். வில்மா எழுந்தாள். ஊன்றுகோலைத் திருப்பிப் பிடித்து, அலமாரி உச்சியைத் துழாவி ஒரு இழுப்பு இழுத்தாள். கத்திகள் சடசடவென்று விழுந்தன. ஒன்று தரையில் குத்தி நின்றது.

"உனக்கென்ன பைத்தியமா புள்ள?" என்றான் நார்மன்.

"மேல வச்சா இப்படித்தான் இறங்கும். கீழே வை."

இரண்டு பேரும் தரையில் குத்தி நின்ற கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வில்மா நாற்காலியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் தள்ளிவிட்ட பலகையைப் பற்றி அவனிடம் சொன்னாள். அதைச் சொல்வது கத்தியை இறக்கியதைவிடச் சிரமமாக இருந்தது. கை திரும்பாது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே. நார்மன் எழுந்து கொட்டகைக்குப் போனான். பழைய மாட்டுத் தொழுவக் கதவின் பலகையை அறுத்து, துருப்பிடிக்காத ஆணி மூன்று அடித்து, அடியில் நகராதபடி லாரி டியூப் ரப்பரை ஒட்டிக் கொண்டுவந்து வைத்தான்.

முதல் கிழங்கைச் சீவி முடிப்பதற்குள் ரேடியோவில் செய்தி, வானிலை, மீன்பிடிப் படகுகளுக்கான அறிவிப்பு எல்லாம் முடிந்து பாட்டும் தொடங்கிவிட்டது. சீவினதில் பாதித் தோலும் பாதிக் கிழங்குமாகப் போயிருந்தது. அடுத்த கிழங்கைக் குத்தினாள். அந்தக் கோடை முழுக்க அதுதான் வேலை. ஜூன் கடைசியில் தோல் மெல்லிசாக வந்தது. வெங்காயம்தான் அழவைத்தது. அதற்கும் அந்த ஆணிகளே வழி என்று பிறகு கண்டுகொண்டாள்.

சீவ வந்துவிட்டது என்றால் சமைக்க வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வாட்டி, மிச்சத்தில் மறுநாள் முதல் பானை ஸ்டோவீஸ் வைத்தாள். மணம் பழையபடியே எழுந்தது. அவளும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பானையைக் குலுக்க எழுந்தபோதுதான் அதற்கு இரண்டு கை வேண்டும் என்பது உறைத்தது. ஒரு காதை மட்டும் பிடித்து இழுத்தால் பானை சாய்ந்தது. கரண்டி விட்டுக் கிளறினால் கட்டிக் கிழங்கெல்லாம் உடைந்து பசையானது. இரண்டுக்கும் நடுவில் அடி பிடித்துவிட்டது. நார்மன் அதையும் சாப்பிட்டான், நல்லாத்தான் இருக்கு என்றான். "பொய் சொல்லாதே மனுஷா, உன் நாய்கூட மோந்து பார்த்துட்டுப் போயிடுச்சு" என்றாள் அவள்.

கொழுப்பைக் கூட்டிப் பார்த்தாள். தீயைக் குறைத்துப் பார்த்தாள். அடியில் வெங்காயத்தைத் தடிமனாகப் பரப்பிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் கொஞ்சம் உதவியது, எதுவும் முழுசாக உதவவில்லை. கடைசியில், பானையைத்தானே குலுக்க முடியவில்லை, நெருப்பு பானையைத் தொடாமல் செய்தால் என்ன என்று தோன்றியது. பானையின் அகலத்துக்கு, விரல் தடிமனில் ஓர் இரும்புத் தகடு வேண்டும் என்று நார்மனிடம் சொன்னாள். லாரிப் பட்டறையில் வெட்டிக் கொண்டுவந்தான். அதை நெருப்பின் மேல் போட்டு, அதன் மேல் பானையை வைத்தாள். வேக நேரம் பிடித்தது. ஆனால் பானையை யாரும் தொட வேண்டியிருக்கவில்லை. திறந்து பார்த்தபோது அடியில் வெங்காயம் பொன்னிறமாக ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். நின்றபடியே அரைத் தட்டுச் சாப்பிட்டாள். பிறகு இன்னொரு அரைத் தட்டு.

செப்டம்பர் கடைசியில் பஸ் ஏறி லெஸ்லியின் அறைக்குப் போய், அடுப்பைத் திரும்பக் கேட்டாள். லெஸ்லி முழுசாகக் கேட்டுக்கொண்டார். அவருடைய பயம் நியாயமானதுதான். கேன்டீன் பானையை இரண்டு ஆண்கள் சேர்ந்துதான் இறக்குவார்கள். கொதிக்கிற கொழுப்போடு அது அவள் மேல் சாய்ந்தால் யார் பதில் சொல்வது? ஒரே பெரிய பானை வேண்டாம், நாலு நடுத்தரப் பானை போதும், அடுப்பிலிருந்து எதையும் இறக்கப்போவதில்லை, தட்டைக் கொண்டுவந்து அடுப்பருகே நின்று வாங்கிக்கொள்ளட்டும் என்றாள் வில்மா. ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை கொடுங்கள் என்று கேட்டாள். லெஸ்லி காரலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். நானே கேட்டுக்கொள்கிறேன் என்று வில்மா கேன்டீனுக்கு நடந்தாள்.

காரல் மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பதைத் தாண்டிய, ஒல்லியான பெண். கணவன் எண்ணெய்க் கப்பலுக்கு வேலைக்குப் போனவன், திரும்பி வராமல் நார்வேயிலேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். இரண்டு பெண் பிள்ளைகள். வில்மா வந்த விஷயத்தைச் சொன்னாள். காரல் துணியைக் கீழே வைத்தாள்.

"நீங்க வரணும்னு எல்லாருக்கும் ஆசைதான் அக்கா. தினம் யாராவது என்கிட்ட சொல்றாங்க, வில்மா இருந்தா இப்படி இருக்காதுன்னு. கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிப்போச்சு. ஆனா நீங்க வந்தா நான் எங்க போறது? அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து வில்மாவின் மனதில் அந்த அடுப்படி தனக்காகவே பூட்டிக் கிடந்தது. அதில் இன்னொருத்தி அடுப்பைப் பற்றவைத்துப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தே பார்க்கவில்லை. அப்புறம் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்த பஸ் வரும்வரை காற்றில் உட்கார்ந்திருந்தாள். விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். விட மனம் வரவில்லை. அந்தப் பெண்ணை வெளியே தள்ளிவிட்டு உள்ளே போகவும் மனம் வரவில்லை. பஸ் வந்தது. அவள் ஏறாமல் திரும்பிச் சந்தைக்கே நடந்தாள்.

இந்த முறை லெஸ்லியையும் காரலையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேரம் பேசினாள். வாரத்தில் மற்ற நாளெல்லாம் காரலுடையது, திங்கட்கிழமை இறைச்சி வாட்டுவதும் அவளே. செவ்வாய் மட்டும் தனக்கு. செவ்வாய்க்குக் காரலும் கூட இருக்க வேண்டும், கூலியும் அவளுக்குக் குறையக் கூடாது. லெஸ்லி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு இரண்டு பேர் தேவைதான் என்று ஒத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு விஷயம்," என்றாள் காரல். "இறைச்சி அறுக்கறதை எனக்கு நீங்க சொல்லித் தர வேண்டாம்."

"மிச்சம் வைக்கறதை மட்டும் மறந்துடாதே," என்றாள் வில்மா.

திங்கட்கிழமை மத்தியானமே வந்து ஆணிப் பலகையோடு உட்கார்ந்தாள். காரல் பாதிக் கிழங்கை வாங்கிக்கொள்ள வந்தாள். வில்மா கூடையைத் தன் காலுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். மறுநாள் காலை நான்கு பானை, நான்கு தகடு. கொட்டகைகளில் மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. பத்தரை மணிக்கெல்லாம் பண்ணைக்காரர்கள் பூட்ஸை உதறிவிட்டுத் தட்டோடு வந்து வரிசையில் நின்றார்கள். அவள் கையை யாரும் பார்க்காத மாதிரி எல்லாரும் பார்த்தார்கள். இடது கையால் அள்ளிப் போட்டாள். முதல் தட்டில் கொஞ்சம் சிந்தியது. வரிசை பேச்சில்லாமல் நகர்ந்தது. மேசைகளிலிருந்து கரண்டிச் சத்தம் மட்டும் வந்தது. அதற்குமேல் அந்த ஊரில் யாரும் பாராட்டுவதில்லை.

மூன்றாம் பானையைத் திறந்ததுமே கருகல் நாற்றம் அவள் மூக்குக்கு எட்டிவிட்டது. அந்த அடுப்பின் தீ மற்றதைவிடக் கடுமையானது என்பதை மறந்திருந்தாள். மேலாகச் சுரண்டிப் போட்டால் யாருக்கும் தெரியாது என்று காரல் காதோரம் சொன்னாள். "எனக்குத் தெரியுமே" என்று வில்மா மூடியைப் போட்டுவிட்டாள். வரிசையின் கடைசியில் நின்றவர்களுக்கு அன்று காரலின் இறைச்சிப் பைதான் கிடைத்தது. அவர்கள் முணுமுணுத்தார்கள். லெஸ்லி எட்டிப் பார்த்து மூடின பானையைக் கண்டுவிட்டு வாயைத் திறக்கப் போனார்.

"அடுத்த செவ்வாய் அந்த அடுப்புக்கு ரெண்டு தகடு போடறேன்," என்றாள் வில்மா. அடுத்த செவ்வாய் உண்டா என்று அவரிடம் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய் வந்தது. இரண்டு தகடு போதவில்லை, விளிம்பில் கொஞ்சம் பிடித்தது. அதற்கடுத்த வாரம் பானைகளின் இடத்தை மாற்றினாள். நான்கும் அடி பிடிக்காமல் வெந்தன. குளிர்காலத்தில் பனி கொட்டி ஏலத்துக்குப் பாதி மாடுகூட வராத நாட்களிலும் கேன்டீன் நிறைந்திருந்தது. கை அதற்குப் பிறகும் திரும்பவில்லை. ஏப்ரன் நாடாவைக் காரல்தான் முடிச்சுப் போடுவாள், இருவரும் பேசிக்கொள்ளாமலே.

மறு வசந்தத்தில் லெஸ்லி ஒருநாள் அடுப்படிக்கு வந்தார். ஆட்டு ஏலத்தில் கூட்டம் பெருகிவிட்டது, திங்கட்கிழமையையும் வில்மாவே பழையபடி எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும், உடம்புதான் தேறிவிட்டதே என்றார். காரல் தொட்டியருகே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றுவிட்டது.

வில்மா ஆணியில் ஒரு கிழங்கைக் குத்தினாள்.

"திங்கட்கிழமை காரலோடது, மிஸ்டர் லெஸ்லி. அவகிட்ட கேளுங்க. அதோ நிக்கறா."