கிடா விழுங்கிய மாத்திரை

அடுத்தவர் வயிற்றுக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். ஏற்காட்டுப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மைக்ராஸ்கோப் பார்க்கும் வேலை. அரசாங்கக் காகிதத்தில் நான் லேப் டெக்னீஷியன்; எஸ்டேட் லைன் வீடுகளில் டப்பாக்காரம்மா. மூடி போட்ட சின்னத் தகர டப்பாவை நீட்டி, நாளைக் காலையில் இதில் கொஞ்சம் மலம் எடுத்து வையுங்கள் என்று சிரித்த முகத்தோடு கேட்க வேண்டும். இதே பிழைப்பில் இருக்கும் சகோதர சகோதரிகளே, அந்தச் சிரிப்பு எப்பேர்ப்பட்ட சிரிப்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாழவந்தி மிளகு

சேர்ந்த புதிதில் வாழவந்தியில் ஒரு வீட்டில் டப்பா கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனால், வீட்டுக்கார அம்மாள் அதை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார். மூச்சை அடக்கிக்கொண்டு திறந்தேன். உள்ளே புது மிளகு, டப்பா நிறைய.

நான் கேட்டது இதில்லையே என்றேன். கேட்டது தெரியுமாம். ஆனால் அந்த அசிங்கத்தை வீடு தேடி வந்த பொம்பளை கையில் கொடுக்க மனசு வரவில்லையாம். சரி, டப்பாவையாவது அப்படியே தந்திருக்கலாமே என்றதற்கு, அவர் என்னை விவரம் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அடுத்தவிங்க டப்பாவ வெறும் டப்பாவா திருப்பித் தரக்கூடாதுங்களே."

கரடியூரிலிருந்து இரண்டு டப்பா

கரடியூர் முருகேசனுக்குக் காப்பி எஸ்டேட்டில் வேலை. அவர் மனைவி ராசாத்தி அங்கேயே காப்பிப் பழம் பறிப்பவள், கைக்குழந்தைக்காரி. உதடும் நகமும் வெளுத்துப் போய், சின்ன மேடு ஏறினாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். டாக்டர் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் இன்னும் குறைந்தால் சேலத்துக்கு இறக்கிப் புது ரத்தம் ஏற்ற வேண்டும், அதையும் தாண்டிவிட்டால் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

முருகேசன் அவளுடைய டப்பாவைக் கொண்டுவந்தார். கூடவே இன்னொரு டப்பா. அது அவர்கள் வீட்டுக் கிடாவுடையதாம். அதுவும் இளைத்து எழுந்திருக்க மாட்டாமல் கிடக்கிறதாம். அது மாட்டாஸ்பத்திரி வேலை என்று சொல்லிக்கொண்டே, மேகம் விலகி ஜன்னலில் வெளிச்சம் விழுந்ததும் இரண்டையும் பார்த்தேன். ராசாத்தியிடம் கொக்கிப்புழு முட்டை மண்டிக் கிடந்தது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதம் வழியே உள்ளே போய், குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழு அது. கிடாவிடம் இருந்த முட்டைகளும் கிட்டத்தட்ட அதே சாடை. ஆட்டுக்கு வரும் வேறு புழு.

ராசாத்திக்குப் பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தோம். முருகேசன் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"ஏனுங்கம்மா, அப்ப ரெண்டு பேத்துக்கும் ஒரே நோவுதானுங்களே?"

பளபளத்த கிடா

அடுத்த மாதம் கரடியூர் போனேன். லைன் வாசலிலேயே ஒரு கிடா, ரோமமெல்லாம் பளபளக்க, ஓடிவந்து என் பையை முட்டியது. ராசாத்தியோ சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். முன்னைவிட வெளுத்திருந்தாள். அவளுடைய டப்பாவை மறுபடி வாங்கிப் பார்த்தால், முட்டை குறைந்தபாடில்லை.

மறுபடி கரடியூர் போய், மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் கிடாவைப் பார்த்தார். பூச்சி மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்து அதற்குக் கொடுத்துவிட்டார்களாம். எனக்கு வந்த கோபத்தில், பொண்டாட்டியைவிட ஆடு பெரிதா என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டேன்.

முருகேசன் நிதானமாகத்தான் சொன்னார். ராசாத்திக்கு உடம்பு தேற வேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா அது. கோயில் முன்னால் மஞ்சள் தண்ணீர் தெளிக்கும்போது அது துலுக்க வேண்டும், அதாவது உடம்பை உதற வேண்டும். அப்போதுதான் அம்மன் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். எழுந்து நிற்கவே சீவனில்லாத கிடா எப்படி உதறும்? ராசாத்தியும் சம்மதித்துத்தான் கொடுத்திருக்கிறாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது.

"அது துலுக்கலீன்னா இவ எப்படிங்க பொழைப்பா?"

நோம்பி முடிந்து

கிடா தேறிவிட்டது, அம்மனுக்கு ஒரு குறையும் இல்லை. அது துலுக்குவதைப் பார்க்க ராசாத்தி இருக்க வேண்டாமா என்று கேட்டேன். அது முருகேசனுக்குச் சுருக்கென்று பட்டது. அவரே தண்ணீர் கொண்டுவந்தார். என் பையிலிருந்து கொடுத்த புதுப் பூச்சி மாத்திரையை என் கண்ணெதிரே அவள் விழுங்கினாள். செருப்பில்லாமல் தோட்டத்தில் இறங்குவதில்லை என்று கிடாவின் தலையில் கைவைக்கச் சொல்லி அவளிடம் சத்தியம் வாங்கினேன். இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டாள். சேலத்துக்கு இறக்க வேண்டி வரவில்லை.

மாரியம்மன் நோம்பி, அதுதான் திருவிழா, முடிந்து ராசாத்தியே வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ்ஸிலிருந்து இறங்கி, எங்கள் ஆஸ்பத்திரி மேட்டை நிற்காமல் ஏறி வந்தாள். முதல் கைத் தண்ணீருக்கே கிடா துலுக்கியதாம். அவர்கள் வீட்டுக்கு இரண்டு டப்பா கொடுப்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது; இரண்டையும் மேஜையில் வைத்தாள். முதல் டப்பாவை மைக்ராஸ்கோப்பில் ஓரம் விடாமல் தேடினேன். ஒரு முட்டைகூட இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டாவதைத் திறந்தேன். மிளகு போட்டு வறுத்த ஆட்டு ஈரல்.

"சாம்பல் போட்டுத் தேச்சுக் கழுவிட்டுத்தானுங்க வெச்சேன். வெறும் டப்பாவா எப்படிங்கம்மா தர்றது?"

ஒரு துண்டு மிச்சமில்லாமல் தின்று தீர்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், சகோதர சகோதரிகளே: நம் தொழிலில் மூடியைத் திறக்கும் முன்பே முகம் சுளிப்பவருக்குப் பாதிச் சம்பளம் நஷ்டம்.