ஓட்டைக்காரர் அடைத்த வீடு

ஓட்டைக்காரர் என்று சொன்னால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வீடுவீடாகப் போய், புகை எங்கே வளைகிறதோ அங்கே உள்ள இடுக்கை அடைப்பது அவர் தொழில். வெயில் காலத்தில் குளிர்ச்சி வெளியே ஓடக்கூடாது, குளிர் காலத்தில் சூடு ஓடக்கூடாது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம். இருபது வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர் வீட்டு இடுக்குகளைத் தேடிய மனிதரின் சொந்த வீடு மட்டும் சல்லடையாகக் கிடந்தது. "ஊருக்கெல்லாம் அடைக்கிறீங்க, நம்ம வீட்டுல திரைச்சீலை தானா ஆடுது" என்று மனைவி குத்திக்காட்டாத வாரம் கிடையாது.

போன வருடம் ரோஷம் வந்துவிட்டது. பன்னிரண்டு நாள் லீவு போட்டார். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, கதவைச் சுற்றி ரப்பர், கூரைக்கு அடியில் கனமான பஞ்சு, குழாய் நுழையும் துளைகளில் எல்லாம் நுரை. சுவரின் மேல்பக்கத்துக் காற்றுத் துவாரங்களையும் விட்டுவைக்கவில்லை. முடித்துவிட்டுக் கூடத்தில் ஊதுபத்தியைப் பிடித்தார். புகை நூல் பிடித்தாற்போல நேராக மேலே போனது. மனிதருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மச்சானை வரவழைத்துக் காட்டினார்.

ஒன்றை மட்டும் அவர் செய்யவில்லை. இப்படி இறுக்கி அடைத்த வீட்டில் பழைய காற்றை வெளியேற்றிப் புதுக்காற்றை இழுக்க ஒரு விசிறி வைக்கவேண்டும். மற்றவர் வீட்டில் அதை வைக்காமல் அவர் கிளம்பியதே இல்லை. வேண்டாமென்று முரண்டு பிடித்தவர்களிடம் சண்டைகூடப் போட்டிருக்கிறார். தன் வீட்டில், அத்தனை பாடுபட்டு அடைத்த சுவரில், தன் கையாலேயே ஓட்டை போட மனசு வரவில்லை. அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். அடுத்த மாசம் வந்தது, போனது.

எட்டு வயது மகளுக்கு இருமல் பிடித்தது. மருந்துக்கு மசியவில்லை. பெரியம்மா வீட்டில் ஒரு வாரம் இருந்தபோது காணாமல் போனது. திரும்பி வந்த மூன்றாம் நாள் மறுபடி ஆரம்பித்தது.

"ஏங்க, அக்கா வீட்டுல ஒரு இருமல் இல்ல. இங்க வந்தாதான் வருது. எனக்கே மூச்சு முட்டுது."

"உங்க அக்கா வீடு பூரா ஓட்டை. அங்க கரண்ட் எவ்வளவு இழுக்குதுன்னு போய்ப் பாரு."

"நான் பிள்ளையைப் பத்திப் பேசறேன், நீங்க கரண்டைப் பத்திப் பேசறீங்க."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. அதை மறைக்கத்தான் குரலை உயர்த்தினார். இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்குச் சலுகை காட்டியதாகிவிடும்.

ஒரு சனிக்கிழமை காலையில் மகளின் பென்சில் அலமாரிக்குப் பின்னால் விழுந்தது. எடுத்துக் கொடுக்க அலமாரியை நகர்த்தினார். சுவர் இடுப்பு உயரத்துக்குக் கறுத்துப்போயிருந்தது. குளித்த ஈரம், சமைத்த ஆவி, மூன்று பேர் விட்ட மூச்சு எல்லாம் போக வழியில்லாமல் அங்கே பூஞ்சையாகப் படிந்திருந்தது. அதை ஒட்டித்தான் பிள்ளையின் கட்டில். துடைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தார். துணி எடுக்கத் திரும்பியபோது, கூடத்தில் மகள் மூச்சுக்குத் திணறும் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் மூச்சோடு மருந்து போகும் முகமூடி வைத்து, பிள்ளைக்கு மூச்சு சீராக மத்தியானம் ஆகிவிட்டது.

"வீட்டுல ஈரம், பூஞ்சை ஏதாவது இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லையே டாக்டர்" என்றாள் மனைவி.

"இருக்கு" என்றார் அவர். "காத்து வர்ற வழியெல்லாம் நான்தான் அடைச்சேன். விசிறி வைக்கணும்னு தெரியும். தெரிஞ்சும் வைக்கல."

மனைவி அவர் பக்கம் திரும்பாமல் பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

டாக்டரம்மா பிள்ளையிடம் குனிந்தார். "மூச்சு முட்டுறப்ப ஜன்னலைத் திறக்கணும்னு உனக்குத் தோணலையாம்மா?"

அவள் முகமூடியை விலக்கினாள்.

"தோணும். ஆனா அப்பா கஷ்டப்பட்டு அடைச்சாங்கல்ல, அதான் திறக்கல."