அக்கா காதில் விழுந்த விரிசல்

தொழிற்சாலையில் வெல்டிங் விரிசல்களைத் தேடிப் பிடிப்பது என் வேலை. அதனால்தான், வாங்க ஆசைப்பட்ட ஒரு பழைய ஃபைபர் பாய்மரப் படகைச் சோதிக்க அத்தான் என்னைக் கூப்பிட்டார். அக்காவும் அவரும் தென்னூரில் இருக்கிறார்கள். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் அத்தான் ஒரு விடுமுறையில் காரைக்காலில் படகோட்டக் கற்றுவந்ததிலிருந்து வீட்டில் காற்றைப் பற்றியே பேச்சு.

படகைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் அக்கா போன் செய்தாள். "எங்கயாவது விரிசல் இருக்குன்னு சொல்லிடுடி. இவருக்கு நீச்சலே சரியா வராது."

இருந்தால் சொல்கிறேன் என்றேன். என்மேல் நம்பிக்கையில்லாமல் அவளும் கூடவே வந்தாள்.

திருவானைக்காவலில் ஒரு வீட்டுத் தோட்டத்தில், மாமரத்தடியில் கிடந்தது படகு. மேல்தளம் முழுக்கச் சிலந்தி வலைபோல் கீறல்கள். அக்கா முகம் மலர்ந்தது. ஓரிடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தேன். கீறல் மேல்பூச்சோடு நின்றிருந்தது. அடியில் இருந்த ஃபைபர் இழைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது மலர்ந்தது அத்தான் முகம்.

பிறகு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் முனையிலிருந்து தட்டிக்கொண்டே போனேன். எல்லா இடத்திலும் கணீரென்றுதான் கேட்டது.

"நில்லு. அங்க சுருதி இறங்குது" என்றாள் அக்கா. சர்ச் பாடகர் குழுவில் பல வருடமாகப் பாடுபவள்.

எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அவளே வாங்கித் தட்டி, பாய்மரம் ஊன்றும் இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டாள். அங்கே மை தடவித் துடைத்தேன். மயிரிழை போல ஒரு கோடு மட்டும் மையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அத்தானை ஏறி மிதிக்கச் சொன்னதும் கோடு மெதுவாக வாய் திறந்தது. ஃபைபருக்குள் பலத்துக்காக வைத்திருந்த மரம் நீர் ஊறி இற்றுப்போயிருந்தது. இத்தனை வருடம் தனக்கே தெரியவில்லையே என்று படகுக்காரர் வருத்தப்பட்டார்.

அக்கா நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் அவள் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பித் தரவில்லை. மதியம்வரை படகின் ஒரு சாண் விடாமல் தட்டினாள். கடைசியில் அத்தானிடம் வந்தாள்.

"இந்த ஒரு எடம்தாங்க. மத்ததெல்லாம் நல்லா பேசுது. சரி பண்ணிட்டு வாங்கிக்குங்க. முதல்ல நீச்சல் கிளாஸ்ல சேருங்க."

அத்தான் சேர்ந்தார். படகும் சரியானது. காரைக்காலில் அதைத் தண்ணீரில் இறக்கிய அன்று, அக்கா கரையில் நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தது அவள்தான்.