கோல் விழுந்தால் மொட்டை

எனக்குக் கல்யாணம் ஆகுமா ஆகாதா என்பது ஒரு தை மாதம் முழுக்கப் பதினொரு பேருடைய காலில் இருந்தது. அந்தப் பதினொரு பேருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. நாட்டுக்காகவே ஒழுங்காக உதைக்காதவர்கள் எனக்காகவா உதைக்கப் போகிறார்கள்?

நான் சித்தூர்க்காரன், வீட்டில் தமிழ். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. திருப்பதியில் வாடகை வீடு, கூட அம்மா. காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ். அந்த பஸ்ஸில் முன் பாதி கிரிக்கெட் பேசும், பின் பாதி தூங்கும். கால்பந்துக்கென்று கடைசி சீட்டில் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் சென்னை வியாசர்பாடியிலிருந்து வேலைக்கு வந்து திருப்பதியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த அண்ணன். எங்க ஏரியாவில் குழந்தை நடப்பதற்கு முன்னால் உதைக்கும் என்பார். அவர் ஏரியாவிலிருந்து பத்துப் பேரைப் பிடித்துப் போட்டாலே போதும் என்பது அவருடைய நிரந்தரக் கருத்து.

ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கு மூன்று மாதம் இருக்கும்போது நம் அணி ஆடிய ஏதோ ஓர் ஆட்டத்தைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது. கோல் கம்பம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரையாவது விசாரித்துக்கொண்டுதான் ஆடுகிறார்களோ என்று தோன்றியது. அந்தக் கோபத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்டேட்டஸ் போட்டேன். ‘ஆசியப் போட்டியில் நம் ஆட்டத்தில் ஒரு கோல் விழுந்தால் திருமலையில் மொட்டை. அதுவரை தலையில் கத்தி படாது. கோவிந்தா!’

வேறு ஊராக இருந்தால் இது கிண்டல். நாலு பேர் சிரிக்கிற பொம்மை போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். திருப்பதியில் இது வேண்டுதல். மறுநாள் காலையில் அம்மா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“வாயால சொன்னாலே வேண்டுதல். நீ எழுதியே வெச்சிக்கிற. வெளயாட்டா இது?”

“சும்மா போட்டேம்மா.”

“சாமிகிட்ட என்னடா சும்மா?” என்று சொல்லி, ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். அதோடு என் தலை என் கையைவிட்டுப் போனது.

மூன்று மாதத்தில் முடி காதை மூடிப் பிடரியில் இறங்கியது. தாடியும் சேர்ந்துகொண்டது. தெருவில் எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் மழித்த தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வருகிற ஊரில், நான் ஒருவன் மட்டும் சடையோடு அலைந்தேன். பஸ் நிலையத்தில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, எந்த ஆசிரமம் என்று தெலுங்கில் பயபக்தியோடு விசாரித்தார். கால்பந்து ஆசிரமம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் பலமனேரிலிருந்து வரன் வந்தது. பெண் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா தக்காளி வியாபாரி. பெண் பார்க்கப் போன இடத்தில் அவள் என்னைப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன். சிரிப்பு என்று பிறகு அவளே சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவள் அப்பாவுக்கு என் வேலை பிடித்திருந்தது, குடும்பம் பிடித்திருந்தது, தலை மட்டும் பிடிக்கவில்லை.

“மாப்பிள்ளைக்கு எதுனா கஷ்டமா?” என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா வேண்டுதலை விளக்கினார். வேண்டுதலைப் பாக்கி வைத்துக்கொண்டு நிச்சயதார்த்தம் செய்ய முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னார். நான் நடுவில் புகுந்து, “மூணு ஆட்டம் இருக்குது மாமா. மூணுல ஒரு கோல் போட மாட்டாங்களா?” என்றேன்.

அவர் அம்மா பக்கம் திரும்பினார். “நான் தக்காளிய நம்பிப் பொழைக்கிறவன். நானே இப்டி எதையும் நம்பினதில்ல. தை முடியறதுக்குள்ள நிச்சயம் வெச்சிக்கணும். இல்லன்னா பெங்களூரு வரன் ஒண்ணு கேட்டுகினே இருக்குது” என்றார்.

முதல் ஆட்டத்தை அண்ணன் ரூமுக்குக் கீழே இருந்த டிபன் சென்டரில், தண்ணீர் ஜக்கில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். இடைவேளை வரைக்கும் நம் வலையில் கோல் விழவில்லை. அதற்கே கோப்பையை வென்ற மாதிரி கை குலுக்கிக்கொண்டு இன்னொரு தோசை சொன்னோம். நம் தரம் அவ்வளவுதான். தோசை வருவதற்குள் ஒன்று விழுந்தது, தின்று முடிப்பதற்குள் இன்னொன்று விழுந்தது.

மறு வேலைநாள் பஸ் ஏறியதும், முன் சீட்டு கிரிக்கெட்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்து, “ஏமய்யா, மீ டீம் ஓடிப்போயிந்தா?” என்று கேட்டார். தெலுங்கில் அதற்கு ‘தோற்றுப்போச்சா’ என்று அர்த்தம். வந்து ஒரு வருஷமாகியும் அண்ணன் அதைத் தமிழாகவே எடுத்துக்கொண்டார்.

“எங்கய்யா ஓடினாங்க? நின்ன எடத்துலயே நின்னுகினு இருந்தாங்க!” என்று கத்தினார்.

பஸ்ஸே சிரித்தது. நான் அர்த்தத்தைச் சொன்னதும் அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரிதான். ஓடியிருந்தா ஓடிப்போயிருக்க மாட்டாங்க” என்றார். இரண்டு மொழியும் தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஆறுதல் இது.

இரண்டாவது ஆட்டத்தில் மூன்று. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உட்காரும் முன்பே முதல் கோல் விழுந்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல அணித் தரப்பிலிருந்து, நிறைய பாடம் கற்றுக்கொண்டோம் என்ற பேச்சு வந்தது. இத்தனை பாடம் படித்த அணி ஆசியாவிலேயே இருக்காது. பரீட்சை எழுதத்தான் ஆள் இல்லை. வாட்ஸ்அப் ரசிகர் குழுவிலிருந்து நான் கோபத்தில் வெளியேறினேன். அரை மணி நேரத்தில் திரும்பச் சேர்ந்தேன். அன்றைக்கு மட்டும் இதை மூன்று தடவை செய்தேன். இனிமேல் ஜென்மத்துக்கும் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவர்கள்தான் மூன்றாவது ஆட்டத்துக்கு யார் யார் இறங்குவார்கள் என்று முதலில் கேட்டார்கள்.

மூன்றாவது ஆட்டம் சாயங்காலம் ஐந்து மணிக்கு. பல்வலி என்று பொய் சொல்லி அரை நாள் லீவு போட்டேன். வீட்டு டிவியில் பார்த்தோம். அம்மாவும் உட்கார்ந்தார், அவருக்கும் வேறு வழியில்லை. எது நம்ம ஆளு, பந்து எந்தப் பக்கம் போனா நமக்கு நல்லது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணியும் பக்கம் மாறியதை நான் சொல்ல மறந்துவிட்டேன்.

ஆட்டம் முடியச் சுமார் கால் மணி நேரம் இருக்கும். பந்து வலைக்குள் போனது. அம்மா “கோவிந்தா!” என்று கத்தி எழுந்து, சாமி படத்துக்கு ஓடி, மஞ்சள் துணியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“கோல் விழுந்துட்ச்சிடா! போன் போடு பலமனேருக்கு!”

“அது நம்ம மேல விழுந்ததும்மா.”

அம்மா துணியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்தது. அதை அணிக்காக அழுத அழுகை என்று நினைக்க வேண்டாம். மூன்று ஆட்டம், நாம் போட்டது ஒன்றுகூட இல்லை, தலையில் மூன்று மாத முடி, பெங்களூரில் ஒரு மாப்பிள்ளை. அதற்காகத்தான் அழுதேன்.

பேசாமல் மலைக்குப் போய் முடியைக் கொடுத்துவிட்டு வா என்றார் அண்ணன். அம்மா சம்மதிக்கவில்லை. கேட்டது நடக்காமல் கொடுத்தால் சாமியால் முடியவில்லை என்று ஊருக்குச் சொல்வது போல ஆகிவிடுமாம். எனக்கும் மனசு வரவில்லை. மொட்டை போட்டால் இந்த அணி இனிமேல் கோலே போடாது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. வெட்கங்கெட்ட ரசிகனுக்கு மிச்சமிருக்கும் கடைசி ரோஷம் அதுதான்.

இரண்டு நாள் கழித்துப் பலமனேரிலிருந்து போன் வந்தது. பெண்ணே பேசினாள்.

“நீங்க அந்த ஸ்டேட்டஸ்ல என்ன எழுதினீங்க? வார்த்த மாறாம சொல்லுங்க.”

சொன்னேன்.

“இன்னொரு வாட்டி.”

மறுபடி சொன்னேன்.

“இதுல இந்தியா போடணும்ன்ற பேச்சே இல்லயே. கோல் விழுந்தா-ன்னுதானே இருக்குது? விழுந்துச்சா இல்லியா?”

“விழுந்துச்சு. ஆனா...”

“எத்தினி?”

“ஆறு.”

“ஒண்ணு கேட்டீங்க, சாமி ஆறு குடுத்துக்கிறாரு. எந்தப் பக்கம்னு நீங்க சொல்லல, அது அவர் தப்பா? எங்க பசங்களுக்கு இதைத்தான் தெனமும் சொல்றேன், கேள்விய ரெண்டு வாட்டி படிங்கன்னு. போய் முடியக் குடுத்துட்டு வாங்க. தை முடிய மூணு வாரம்கூட இல்ல.”

பெங்களூரு வரன் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டேன்.

“நைனாவுக்குப் புடிச்சிக்குது. எனக்குப் புடிக்கல. அந்த ஆளு எதுக்குமே மொட்ட போடற மாதிரி தெரியல” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அம்மாவிடம் சொன்னதும் அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டும். “அன்னிக்கே நான் கோவிந்தான்னு சொன்னேனா இல்லியா? நீதான் என்னை ஒக்கார வெச்ச” என்று மஞ்சள் துணியோடு முதலில் கிளம்பி நின்றது அவர்தான்.

திருமலையில் முடி இறக்குகிற இடத்துக்குப் பெயர் கல்யாணக்கட்டா. பெயர் பொருத்தத்தை அன்றுதான் கவனித்தேன். தலையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிளேடைப் பொருத்திய நாவிதர், என்ன வேண்டுதல் என்று தெலுங்கில் கேட்டார். குழந்தையா, வேலையா, வீடா? நடந்ததைச் சொன்னேன். அவர் கை நின்றது. ஜெயித்தவர்களுக்கு மொட்டை போட்டிருக்கிறேன், தோற்றதற்கு நன்றி சொல்ல வந்த தலை இதுதான் முதல் என்றார். பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். மூன்று மாத முடி இரண்டு நிமிஷத்தில் தரையில் கிடந்தது.

நிச்சயதார்த்தப் போட்டோக்களில் எல்லாவற்றிலும் என் தலை பளபளக்கிறது. மாமனார் அதை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, “ஒரு பந்தாவது சரியா வூட்டுக்குள்ள வந்துச்சு” என்றார். அண்ணன் பின்வரிசையில் நின்று விசிலடித்தார்.

இப்போது அடுத்த ஆசியப் போட்டிக்கு நம் அணி தகுதியே பெறவில்லை. செய்தி வந்த அன்று பஸ்ஸில் கிரிக்கெட்காரர்கள்கூட எதுவும் கேட்கவில்லை. அந்த இரக்கம்தான் கிண்டலைவிட அதிகமாக எரிந்தது. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் திட்டினேன். பயிற்சியாளரை, சங்கத்தை, புல்லை, யாரையும் விடவில்லை. மனைவி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு நான் அவளுக்கு ‘நீ’ ஆகிவிட்டேன்.

“நல்ல வேள, நீ அப்பவே வேண்டிக்கின” என்றாள், தாளிலிருந்து சிவப்புப் பேனாவை எடுக்காமல். “இப்ப வேண்டிக்கினு இருந்தா, நம்ம மேல விழறதுக்குக்கூட ஒரு கோல் இருந்திருக்காது. நான் பெங்களூர்ல இருந்திருப்பேன்.”