அணுகுண்டுக்கு ஒரு ஸ்டே

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆனி மாதக் கடைசியில் அந்தச் செய்தி பேப்பரில் வந்தது. அணுகுண்டு சட்டப்படி சரியா என்ற கேள்விக்கு உலக நாடுகளின் நீதிமன்றம் கருத்துச் சொல்லிவிட்டது. நான் அப்போது அருப்புக்கோட்டையிலிருந்து காரியாபட்டி வழியாக தினமும் பஸ்ஸில் மதுரைக்குப் போய்ச் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க எனக்குப் புல்லரித்தது. ஊரையே சாம்பலாக்கும் குண்டை வைத்திருப்பவர்களைப் பார்த்து, எந்தச் சட்டப்படி என்று கேட்க ஓர் இடம் இருக்கிறதே! வகுப்பில் எத்தனையோ வழக்குகள் படித்தும் இப்படி ஒரு பிரமிப்பு வந்ததில்லை.

அண்ணன் பட்டாளத்தில் லாரி ஓட்டினான். லீவு முடிந்து அன்று எல்லைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் பெட்டிக்குள் காராச்சேவுப் பொட்டலத்தைத் திணித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குச் செய்தியை வாசித்துக் காட்டினேன்.

"அப்ப குண்டுக்கு ஸ்டே குடுத்துட்டாகளா?" என்றாள் அம்மா.

அம்மாவுக்குத் தெரிந்த சட்டம் அதுதான். திருச்சுழிப் பக்கம் எங்கள் மிளகாய்க் காட்டில் வரப்புத் தகராறு வந்து, பங்காளிகள் கம்போடு நின்றார்கள். கோர்ட்டு அமீனா ஓட்டைச் சைக்கிளில் வந்து தடை உத்தரவை ஒட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு ஒருத்தரும் உள்ளே கால் வைக்கவில்லை. காட்டில் சீமைக்கருவேல் மண்டியது, ஆனால் யார் மண்டையும் உடையவில்லை.

"ஸ்டே இல்லம்மா, கருத்துதான். பொதுவா அதைப் போடுறது சட்டத்துக்கு விரோதம்னு சொல்லிருக்காக. ஒரு நாடே அழியப்போற நெலமையில தற்காப்புக்குப் போடலாமான்னுதான் முடிவாச் சொல்ல முடியலையாம்."

"அந்த நெலமையிலதானடி போடுவாக? சரி, போய் ஒட்டுறதுக்கு அமீனா யாரு?"

"யாரும் இல்லம்மா."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

அண்ணன் சிரித்தான். "நான் அரிசி மூட்டை லோடு அடிக்கிறவன்மா. என்கிட்டயா குண்டைக் குடுக்கப் போறாக?"

பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் உறுமத் தொடங்கியதும் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ராசா, அப்படி ஒரு லோடு ஏத்தச் சொன்னா, கோர்ட்டுல கூடாதுன்னு சொல்லிருக்காகன்னு ஆபீசர்ட்ட சொல்லிரு. எங்கம்மா சொல்லச் சொன்னாகன்னு சொல்லு."

உள்ளே இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் கூச்சப்படவில்லை. "சொல்றேம்மா" என்றான்.

பஸ் போன பிறகும் அம்மா நகரவில்லை. "எதிர்ப்பக்கம் நிக்கிற பிள்ளைக்கும் யாராச்சும் சொல்லி அனுப்பியிருப்பாகளா?" என்று என்னைக் கேட்டாள்.