துரை எழுதிக் கொடுத்த ஒரே சொல்

இலங்கை மலைநாட்டில், டிக்கோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் துரை பங்களாவுக்கு நான்தான் அப்பு, அதாவது சமையல்காரன். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆனால் நான் வறுத்த கோழியைச் சாப்பிட மஸ்கெலியாவிலிருந்துகூடத் துரைமார் வருவார்கள். பின்னால் ஹட்டனில் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை போட்டேன் என்றால் சும்மாவா?

சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை எனக்கொரு சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போனார். இங்கிலீஷில் நாலு வரி. கண்ணாடி போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். வெள்ளிக்கிழமை கற்பூரம் இரண்டுக்கும். 'இந்த மலையில் இவனைப் போல சமையல்காரன் கிடையாது' என்று எழுதியிருப்பதாக, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். வேறு என்ன எழுதியிருக்கப் போகிறார்?

எனக்கென்று இருந்தது அண்ணன் குடும்பம் மட்டும். லயத்தில் எங்கள் காம்பிராக்கள், அதாவது அறைகள், அடுத்தடுத்து; நடுவில் ஒரே சுவர். விடியற்காலையில் அண்ணி அந்தச் சுவரை இரண்டு தட்டுத் தட்டினால் தேத்தண்ணி தயார் என்று அர்த்தம். அறுபதுகளின் தொடக்கத்தில் அண்ணன் இந்தியாவுக்கே போய்விட முடிவு செய்தார்.

"நீயும் வந்துருடா. அந்தக் காயிதத்தைக் காட்டினா திருச்சியில எந்தச் சாப்பாட்டுக் கடையிலயும் சேத்துக்குவான்."

அதைத் தமிழில் எழுதி வாங்க ஆபீஸ் கிளாக்கரய்யாவிடம் கொண்டுபோனேன். வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"சமையலைப் பத்தி ஒரு எழுத்துகூட இல்லையே அப்பு! நீங்க ஸ்டெட்ஃபாஸ்ட்டான ஆளுன்னுதான் இருக்கு."

"அப்படின்னா என்னங்கய்யா?"

தடித்த அகராதியைப் புரட்டினார். "இங்கிலீஷ்காரன் ஆதியில பேசின சொல்லு இது. ஸ்டெட்ன்னா இடம். ஃபாஸ்ட்ன்னா அந்தக் காலத்துல அசையாம இறுகி நிக்கிறது. சண்டையில மத்தவன் ஓடினாலும் நின்ன இடத்தை விடாதவனுக்குச் சொல்லுவாங்களாம்."

முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. லயத்துக்கு ஏறி வருவதற்குள் அது பெருமையாகிவிட்டது. கோழி வறுக்க ஆயிரம் பேர் உண்டு. இப்படி ஒரு பேர் யாருக்குக் கிடைக்கும்?

"நான் வரலண்ணே. எடத்தை விடாதவன்னு துரை எழுதிக் குடுத்திருக்காரு."

"எழுதினவரே சீமைக்குப் போயிட்டாரேடா!" என்றார் அண்ணன்.

 அப்போதும் நான் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

ஹட்டன் ஸ்டேஷனில் அவர்களை ரயில் ஏற்றிவிட்டேன். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புகை கலைந்த பிறகும் அங்கேயே நின்றிருந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் படுத்திருந்தேன். பிறகு எழுந்து, நானே தேத்தண்ணி ஊற்றி, பழக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன். அந்தப் பக்கத்துக் காம்பிராவுக்கு இன்னும் யாரும் குடி வந்திருக்கவில்லை.